மூன்று முறை போனால் லாபமா? ஆண்டு பாஸின் கணக்கு



தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். பாடம் முடிந்ததும் படிவம் 2 மாணவி ஒருவர் என் மேசை அருகே வந்து நின்றார். கையில் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள்.

"டீச்சர், இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க. பார்க்குக்கு ஒரு தடவை போக டிக்கெட் 80 வெள்ளி. வருஷ பாஸ் 200 வெள்ளி. மூணு தடவை போனா டிக்கெட்டே 240 வெள்ளி ஆயிடும். பாஸ் எடுத்தா ஆளுக்கு 40 வெள்ளி மிச்சம். எங்க வீட்டுல நாலு பேர். 160 வெள்ளி மிச்சம்தானே?"

பெருக்கலிலும் கழித்தலிலும் பிழையே இல்லை. நான்கு பாஸுக்கு 800 ரிங்கிட் வேண்டும். தீபாவளி அங்பாவ் பணத்தை அவர் எண்ணி வைத்திருந்தார். மீதிக்கு அம்மா தொழிற்சாலையில் ஓவர்டைம் செய்வதாகச் சொல்லியிருக்கிறாராம்.

"கணக்கு சரி. ஆனால் கேள்வி இன்னும் முடியவில்லை. ஒரு வாரம் பொறு, அம்மாவிடம் பணம் கட்டச் சொல்லாதே" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். எண்களை எளிமைக்காகச் சற்று மாற்றியிருக்கிறேன். அவை எந்தப் பூங்காவின் விலையும் அல்ல. நீங்கள் போகும் பூங்காவின் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்க்கலாம்.

பாஸ் என்பது எந்த வகைச் செலவு?

ஊர்த் திடலில் ஃபன் ஃபேர் வரும்போது நீங்கள் எப்படிப் பணம் கட்டுகிறீர்கள்? ஒவ்வொரு ராட்டினத்துக்கும் ஒரு டிக்கெட். இரண்டு முறை ஏறினால் இரண்டு டிக்கெட். ஏறாவிட்டால் செலவில்லை. எண்ணிக்கையோடு சேர்ந்து கூடும் இத்தகைய செலவை மாறும் செலவு என்கிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோதும் ஏறக்குறைய இப்படித்தான். வாயிலில் ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொரு சவாரிக்கும் தனிக் கட்டணம். இந்தச் சவாரிச் சீட்டு முறை 1982-இல் கைவிடப்பட்டது. பிறகு வாயிலில் ஒரே கட்டணம் கட்டிவிட்டால் உள்ளே எல்லாம் ஏறலாம் என்றானது. இன்று மலேசியாவின் பெரிய பூங்காக்களும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன.

ஆண்டு பாஸ் இதற்கு அடுத்த படி. வாயிற்கட்டணத்தையே ஓராண்டுக்கு ஒட்டுமொத்தமாகக் கட்டிவிடுகிறோம். நீங்கள் ஒரு முறை போனாலும் பத்து முறை போனாலும் அந்த 200 ரிங்கிட் மாறாது. இது நிலையான செலவு. ஆக, டிக்கெட்டா பாஸா என்று ஒப்பிடுவது ஒரு மாறும் செலவை ஒரு நிலையான செலவோடு ஒப்பிடுவதாகும்.

சமப் புள்ளி

இரண்டு வழிக்கும் ஒரே செலவாகும் இடத்தைச் சமப் புள்ளி என்போம்.

பாஸ் விலை ÷ ஒரு டிக்கெட்டின் விலை = சமப் புள்ளி
200 ÷ 80 = 2.5

இரண்டரை முறை யாரும் போக முடியாது. இரண்டு முறை போனால் டிக்கெட் மலிவு. மூன்று முறை போனால் பாஸ் மலிவு. எனவே விடையை எப்போதும் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். மாணவி போட்ட கணக்கு இதுதான். விளம்பரங்கள் காட்டும் கணக்கும் பெரும்பாலும் இதோடு நின்றுவிடும்.

ரயிலும் சோறும் எங்கே?

அடுத்து அவரிடம், "பூங்காவுக்கு எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டேன்.

குருணில் இருக்கும் நமக்கு அருகிலுள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா பினாங்கு தெலுக் பஹாங்கில் உள்ள எஸ்கேப். 1,111 மீட்டர் நீளமுள்ள குழாய்ச் சறுக்கு அங்கேதான் இருக்கிறது. 2019-இல் அது உலகின் மிக நீளமான குழாய் நீர்ச்சறுக்கு எனக் கின்னஸ் சாதனையில் இடம்பெற்றது. கார் இல்லாத குடும்பம் என்றால் குருண் நிலையத்தில் கேடிஎம் கொமுட்டர் ஏறி பட்டர்வொர்த் போகவேண்டும். அங்கிருந்து ஃபெர்ரியில் தீவுக்கு, பிறகு 101 எண் பேருந்தில் தெலுக் பஹாங்குக்கு. திரும்பும்போதும் இதே வழிதான். நடுவில் மதியச் சாப்பாடு, தண்ணீர், லாக்கர் வாடகை.

இவற்றுக்கெல்லாம் ஓர் ஆளுக்கு ஒரு பயணத்தில் 45 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். இப்போது சமப் புள்ளி மாறுமா? விடையைப் படிக்கும் முன் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

என் வகுப்பில் பெரும்பாலோர் "மாறும்" என்றார்கள். செய்து பார்ப்போம்.

டிக்கெட் வழியில் ஒரு முறைக்கு 80 + 45 = 125 ரிங்கிட். இரண்டரை முறைக்கு 312.50.
பாஸ் வழியில் முதலில் 200, பிறகு ஒரு முறைக்கு 45. இரண்டரை முறைக்கு 200 + 112.50 = 312.50.

இரண்டும் சமம். சமப் புள்ளி அதே 2.5-இல்தான் நிற்கிறது. காரணம் எளிது. பயணச் செலவு இரண்டு பக்கமும் ஒரே அளவில் கூடுகிறது. சமன்பாட்டின் இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டினால் சமநிலை கெடாது என்பதைப் படிவம் 1-இலேயே படித்திருக்கிறீர்கள்.

வரைபடத்தாள் இருந்தால் வரைந்து பாருங்கள். கிடை அச்சில் போகும் முறை, செங்குத்து அச்சில் செலவு. டிக்கெட் கோடு சுழியத்தில் தொடங்கிச் செங்குத்தாக ஏறும். அதன் சாய்வு 125. பாஸ் கோடு 200-இல் தொடங்கி மெதுவாக ஏறும். அதன் சாய்வு 45. இரண்டும் 2.5-இல் வெட்டிக்கொள்ளும்.

பாஸ் கோட்டை இன்னொரு முறை பாருங்கள். அது கிடைக்கோடு அல்ல. பாஸ் வாங்கியபின் பூங்கா இலவசம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வாயிலில் மட்டும்தான் இலவசம். குருணிலிருந்து வாயில்வரை போவது இலவசம் இல்லை.

மிச்சமா, கூடுதல் செலவா?

இப்போது நான்கு பேர் குடும்பத்துக்கு முழுக் கணக்கு.

1 முறை: டிக்கெட் வழி 500, பாஸ் வழி 980 ரிங்கிட்
2 முறை: டிக்கெட் வழி 1,000, பாஸ் வழி 1,160 ரிங்கிட்
3 முறை: டிக்கெட் வழி 1,500, பாஸ் வழி 1,340 ரிங்கிட்
4 முறை: டிக்கெட் வழி 2,000, பாஸ் வழி 1,520 ரிங்கிட்

மூன்றாவது வரியில் 160 ரிங்கிட் மிச்சம் என்பது உண்மை. அப்போதுதான் மாணவியிடம் இன்னொன்று கேட்டேன். "பாஸ் என்ற ஒன்றே இல்லை என்றால் இந்த வருடம் எத்தனை முறை போவீர்கள்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவைதான் டீச்சர். டிசம்பர் லீவுல" என்றார்.

அப்படியென்றால் அவர் ஒப்பிட வேண்டியது மூன்றாவது வரியில் உள்ள 1,500-ஐயும் 1,340-ஐயும் அல்ல. பாஸ் இல்லாவிட்டால் ஆகும் செலவு முதல் வரியில் உள்ள 500. பாஸ் வாங்கி மூன்று முறை போனால் ஆகும் செலவு 1,340. வித்தியாசம் 840 ரிங்கிட். 160 மிச்சம் பிடிக்கப் போய் 840 கூடுதலாகச் செலவழிக்கிறோம்.

840 என்பது எவ்வளவு? 2025-இல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அதை 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 8 ரிங்கிட்டுக்குச் சற்று மேல் வரும். சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்றால் ஏறத்தாழ 12 ரிங்கிட். 840-ஐ 12-ஆல் வகுத்தால் 70. குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஓர் அம்மா 70 மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும்.

இதைச் சொன்னதும் மாணவி தாளை மடித்துக்கொண்டார். அவரை வருந்த வைப்பது என் நோக்கமில்லை. இரண்டு கூடுதல் பயணங்களுக்கும் மதிப்பு உண்டு. குடும்பத்தோடு ஒரு நாள் சிரித்து விளையாடுவது வீண் செலவு அல்ல. அந்த மகிழ்ச்சி 840 ரிங்கிட்டுக்கு ஈடா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் முடிவு செய்யும்போது கண் முன்னே இருக்க வேண்டிய எண் 840. விளம்பரம் நம் கண் முன்னே வைப்பது 160.

நாம் நினைப்பதும் நாம் செய்வதும்

"எத்தனை முறை போவேன்?" என்பதற்கு நாம் சொல்லும் விடை பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். நானும் ஒருமுறை உடற்பயிற்சிக் கூடத்தில் ஓராண்டுக் கட்டணம் கட்டினேன். வாரம் மூன்று நாள் போவதாகத் திட்டம். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. கூடத்தின் மேல் எந்தக் குறையும் இல்லை. குறை என் மதிப்பீட்டில்.

ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை அவர்கள் ஆராய்ந்தார்கள். மாதத்துக்கு 70 டாலருக்கு மேல் நிலையான கட்டணம் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் வந்திருந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் செலவானது. அதே கூடங்களில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும்.

இனி இதைப் பூங்காவின் பக்கம் நின்று பார்ப்போம். பத்துப் பேர் ஆளுக்கு 200 ரிங்கிட் கொடுத்து ஆண்டு பாஸ் வாங்குகிறார்கள். பத்துப் பேரும் மூன்று முறை போகத்தான் நினைக்கிறார்கள். ஆண்டு முடிவில் 5 பேர் ஒரு முறை, 3 பேர் இரண்டு முறை, 2 பேர் மூன்று முறை போயிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பாஸாகக் கட்டியது: 10 × 200 = 2,000 ரிங்கிட்
டிக்கெட்டாக வாங்கியிருந்தால்: (5 × 80) + (3 × 160) + (2 × 240) = 400 + 480 + 480 = 1,360 ரிங்கிட்

பத்தில் இரண்டு பேருக்கு லாபம். பத்துப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் 640 ரிங்கிட் கூடுதலாகக் கட்டியிருக்கிறார்கள். பூங்கா யாரையும் ஏமாற்றவில்லை. விலையைத் தெளிவாகத்தான் எழுதி வைத்திருக்கிறது. வாங்கியவர்கள்தான் தங்களைப் பற்றித் தவறாகக் கணித்தார்கள்.

வாங்கியாகிவிட்டது, இனி என்ன?

ஒருவேளை வீட்டில் ஏற்கெனவே பாஸ் வாங்கியிருக்கலாம். அப்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. தங்கைக்குக் காய்ச்சல், வெளியே மழை. ஆனாலும் "காசு கட்டியாச்சு, போகாட்டி நஷ்டம்" என்று கிளம்புவது.

ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலர் முழு விலையான 15 டாலர் கட்டினார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு 2 டாலரும் சிலருக்கு 7 டாலரும் தள்ளுபடி கிடைத்தது. எல்லாரிடமும் இருந்தது ஒரே சீட்டு, ஒரே நாடகங்கள். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கட்டியவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கட்டிய காசு அவர்களைத் துரத்தியது.

போன பணம் போனதுதான். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அந்த 200 ரிங்கிட் திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இன்று ஆகும் 45 ரிங்கிட்டுக்கும் இன்று செலவாகும் ஒரு நாளுக்கும் இந்தப் பயணம் தகுமா? தகுமென்றால் போங்கள். இல்லையென்றால் வீட்டில் இருங்கள்.

பாஸ் யாருக்கு நல்லது?

பாஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் ஜொகூர் மாநிலத்தின் இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட் மலேசியா திறக்கப்பட்டது. அங்கே ஆண்டு பாஸ் உண்டு. ஜொகூர் பாருவில் இருக்கும் சிறுவனுக்கு அது பக்கத்து ஊர். குருணிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர். பாஸின் விலை இருவருக்கும் ஒன்று. சமப் புள்ளியும் ஒன்று. அந்தப் புள்ளியை எட்டும் வாய்ப்புதான் வேறு. பயணச் செலவு சமப் புள்ளியை மாற்றாது என்று பார்த்தோம். ஆனால் நாம் எத்தனை முறை போவோம் என்பதை அது மாற்றிவிடும்.

கெடாவில் இருப்பதால் நமக்கு ஒரு வசதியும் உண்டு. நம் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். அதனால் நமக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமை அங்கே வேலை நாள். சில பூங்காக்கள் வேலை நாளுக்குக் குறைந்த விலை வைக்கும், அல்லது வேலை நாளில் மட்டும் செல்லும் மலிவுப் பாஸ் விற்கும். பிற ஊர் மாணவர்களுக்குப் பயன்படாத அந்தச் சீட்டு உங்களுக்குப் பயன்படலாம். கூட்டமும் குறைவாக இருக்கும். எந்த நாள்களில் பாஸ் செல்லாது என்பதை வாங்கும் முன் படித்துவிடுங்கள். பள்ளி விடுமுறையில் செல்லாத பாஸ் மாணவர்களுக்கு எதற்கு?

எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த இடத்தில் பாஸ் மிகவும் பயன் தரும். கோலாலம்பூரில் ரேபிட் கேஎல் ரயில்களிலும் பேருந்துகளிலும் 30 நாள் பயணம் செய்ய 50 ரிங்கிட்டுக்கு மை50 பாஸ் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகிறவருக்குத் தான் எத்தனை நாள் பயணம் செய்வோம் என்பது தெரியும். அவர் ஊகிக்கத் தேவையில்லை.

செய்து பாருங்கள்

1. அக்காள் கோலாலம்பூரில் வேலைக்குப் போகிறார். ரயிலில் போய்வர ஒரு நாளைக்கு 5 ரிங்கிட். மாதம் 22 நாள் வேலை என்றால் மை50 எடுக்கலாமா? நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்து 8 நாள் மட்டும் வேலைக்குப் போகும் மாதத்தில்?

2. நம் பூங்கா இப்போது 120 ரிங்கிட்டுக்கு "இரு முறைச் சீட்டு" ஒன்றையும் விற்கிறது. ஒற்றை டிக்கெட் 80, ஆண்டு பாஸ் 200. மூன்று முறை போகிறவருக்கு எது மலிவு?

3. வீட்டு நாள்காட்டியை எடுங்கள். அடுத்த 12 மாதங்களில் டியூஷன், தேர்வு, தைப்பூசம், கோயில் திருவிழா, உறவினர் திருமணம், அம்மா அப்பாவின் வேலை நாள் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். மீதமுள்ள நாள்களில் குடும்பம் முழுவதும் சேர்ந்து வெளியூர் போகக்கூடியவை எத்தனை? போன ஆண்டு உண்மையில் எத்தனை முறை போனீர்கள்? இரண்டில் சிறிய எண்ணைக் கணக்குக்கு எடுங்கள்.

விடைகள்: முதல் கேள்வியில் சமப் புள்ளி 10 நாள். 22 நாளுக்கு 110 ரிங்கிட் ஆகும், ஆகவே பாஸ் எடுத்தால் 60 ரிங்கிட் மிச்சம். 8 நாள் மாதத்தில் 40 ரிங்கிட்தான் ஆகும், பாஸ் எடுத்தால் 10 ரிங்கிட் நட்டம். இரண்டாவது கேள்வியில் இரு முறைச் சீட்டும் ஒற்றை டிக்கெட்டும் சேர்ந்து 200. பாஸும் 200. மூன்று முறைக்கு இரண்டும் சமம். நான்காவது முறை போனால்தான் பாஸில் லாபம். பாஸை ஒற்றை டிக்கெட்டோடு மட்டும் ஒப்பிடாமல், இடையில் வேறு வழி உண்டா என்றும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி. மூன்றாவதன் விடை உங்கள் வீட்டில் இருக்கிறது.

மாணவியின் வீட்டு நாள்காட்டியில் என்ன வந்தது என்று கேட்கிறீர்களா? அம்மாவும் அவரும் இரவில் உட்கார்ந்து அடித்துப் பார்த்தார்களாம். உறுதியாக ஒரு நாள், முயன்றால் இரண்டு. பாஸ் வேண்டாம், டிசம்பரில் டிக்கெட் எடுத்து ஒரு முறை போகலாம் என்று முடிவு செய்தார்கள். ஓவர்டைம் செய்தாலும் சில நாள் போதும் என்று அம்மா சொன்னாராம்.

செய்தியைச் சொல்லிவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: "டீச்சர், ஒரு தடவைதான் போறோம்னா முதல் ரயிலுக்கே கிளம்பிடணும், இல்ல?"

அதுவும் கணக்குதான். ஒரே டிக்கெட்டில் அதிக நேரம்!